கேட்டால் சொல்லுகிற அக்கா

அந்த அக்காவிடம் மணி என்ன என்று கேட்டால் மணியைச் சொல்லுவார். நீங்கள் பிடிக்க வேண்டிய பஸ் இரண்டு நிமிடத்துக்கு முன்னால் போய்விட்டது என்பதைச் சொல்ல மாட்டார். அது நீங்கள் கேட்காத விஷயம். தரிப்பிடத்தில் அரை மணித்தியாலம் நின்று விறைத்துத் திரும்பி வந்து, "அக்கா, பஸ் போனதைக் கண்டனீங்களோ?" என்று கேட்டால், "ஓம், கண்டனான்" என்பார். முகத்தில் குற்ற உணர்வும் இருக்காது, கள்ளச் சிரிப்பும் இருக்காது. நமக்குக் கோபம் வரும். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றுதான் தெரியாது.

பெயரை எழுத மாட்டேன். ஜேர்மனியில், எங்கள் கொலோன் நகரத்துத் தமிழ் ஆட்களுக்கு அரைச் சொல் கிடைத்தால் போதும், மிச்சத்தைத் தாங்களே கட்டி முடித்துவிடுவார்கள். மன்னார்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பது வரைக்கும் சொல்லலாம்.

அவரை நான் கோயிலிலோ கலியாண வீட்டிலோ சந்திக்கவில்லை. றேஸ் மண்டபத்தில் சந்தித்தேன். ரிமோட் கார் றேஸ். நகரத்துக்கு வெளியே ஒரு பழைய பண்டகசாலையில் சாம்பல் நிறக் கம்பளம் விரித்து, பிளாஸ்டிக் குழாய்களால் வளைவுகள் அமைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு முழ நீளக் கார்களை ஓட்டுவார்கள். பாலும் பழமும் வாங்க யோசிக்கிற மனிதர்கள்கூட ஒரு கார்ச் சில்லுக்காக மூன்று கடை ஏறி இறங்குகிற பைத்தியம் அது. என்னோடு வேலை செய்த ஒரு ஜேர்மன்காரன் ஒரு தரம் கூட்டிக்கொண்டு போனான். அடுத்த கிழமை நானாகவே போனேன். மேசைகளில் குனிந்திருந்த பெரிய பெரிய முதுகுகளுக்கு நடுவில், கம்பளித் தொப்பியும் கழுத்துக் கயிற்றில் தொங்கும் கண்ணாடியுமாக ஒரு சின்ன உருவம் ஈயம் உருக்கி வயர் சோல்டர் பண்ணிக்கொண்டிருந்தது. தமிழ் முகம். நான் பக்கத்தில் போய், "நீங்கள் தமிழோ?" என்று கேட்டேன். "ஓம்" என்றார். அவ்வளவுதான். ஒரு ஈழத்தமிழர் இன்னொரு ஈழத்தமிழரைக் கண்டால் எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், எந்த வருடம் வந்தது என்று கால் மணித்தியாலம் போகும். இவர் திரும்பவும் சோல்டரில் குனிந்துவிட்டார்.

பதினெட்டு வருடம் ஒரு தொழிற்சாலையில் சின்ன மோட்டர்களுக்குச் செப்புக் கம்பி சுற்றியவர். தொழிற்சாலையைப் பூட்டி வேறு நாட்டுக்குக் கொண்டுபோன பிறகு, ரிமோட் கார்களும் விமானங்களும் விற்கிற ஒரு கடையின் திருத்தும் பகுதியில் வேலை செய்தார். அவருடைய கணவர் உயிரோடு இருந்த காலத்தில் ஆசையாக ஒரு கார் வாங்கி, இரண்டு கிழமை ஓட்டி, அலுத்துப்போய் அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டிருக்கிறார். அக்கா அதைத் தூசு தட்டி எடுத்ததில் தொடங்கியதுதான் எல்லாம். ஞாயிறு காலையில் மாதா கோயிலில் முதல் பூசை, பூசை முடிய மண்டபம். பாவசங்கீர்த்தனத்திலும் சுவாமியார் கேட்ட பாவத்தை மட்டுந்தான் சொல்லுவாராக்கும் என்று நான் பகிடி விடுவேன். அவர் சிரிக்க மாட்டார். கேள்வி என்ன என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தத் தகவலையெல்லாம் நான் எப்படி எடுத்தேன் என்று நினைக்கிறீர்கள்? ஒவ்வொன்றாகக் கேட்டு. கிணற்றில் ஒவ்வொரு வாளியாக இழுத்து.

அந்தக் காலம் மோட்டர்கள் மாறுகிற காலம். அதுவரைக்கும் எல்லோரும் கரித்துண்டு தேய்கிற பழைய மோட்டர் வைத்திருந்தோம். பிறகு தேய்மானம் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டர் வந்தது, அதிலேயே இரண்டு சாதி. சென்சர் உள்ளது, சென்சர் இல்லாதது. விஷயம் இவ்வளவுதான்: மோட்டருக்குள் ஒரு காந்தம் சுற்றும். அதற்கு எந்த நேரத்தில் மின்சாரம் கொடுப்பது என்று தீர்மானிக்கிற பெட்டியை ஜேர்மன் மொழியில் ரெக்ளர் என்போம். சென்சர் இருந்தால், காந்தம் இந்த நிமிடம் எங்கே நிற்கிறது என்று ஒரு மெல்லிய வயர் ரெக்ளருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கார் மெத்தென்று புறப்படும். சென்சர் இல்லாவிட்டால் ரெக்ளர் குத்துமதிப்பாகத் தொடங்க வேண்டும். புறப்படும்போது கார் ஒரு தரம் நடுங்கும். ஓட்டம் பிடித்துவிட்டால் பிறகு தானே கண்டுபிடித்துவிடும்.

மண்டபம் இரண்டாகப் பிரிந்து சண்டை பிடித்தது. நான் சென்சர் இல்லாத கட்சி. வயர் குறைவு, பழுது குறைவு, தூசுக்கும் பயமில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால்தான் நடப்பேன் என்கிற மோட்டர் எனக்கு எதற்கு என்று வாயடித்தேன். அக்கா சென்சர் மோட்டர் ஓட்டினார், ஆனால் எந்தக் கட்சியிலும் இல்லை. ஒருநாள் வாங்குவதற்கு முன்னால் கேட்டுவிடுவோம் என்று போனேன்.

"அக்கா, எது நல்லது?"

"எதுக்கு?"

"றேசுக்குத்தான்."

"எந்த றேசுக்கு?"

"இஞ்சை ஓடுற றேசுக்கு."

"இஞ்சையெண்டால் சென்சர்."

"ஏன்?"

"வளைவு கூடுதல். நிண்டு நிண்டு எடுக்கோணும்."

"அப்ப வெளியிலை, பெரிய தார் றோட்டிலை ஓடினால்?"

"சென்சர் இல்லாததும் போதும்."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்ல ஒரு மனிதருக்கு என்ன கேடு? அந்த எரிச்சலிலேயே போய்ச் சென்சர் இல்லாத மோட்டரை வாங்கினேன். அது என் புத்தி.

முதல் றேசில் தொடக்க மணி அடித்தது. மற்றக் கார்கள் பறந்தன, என் கார் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கிக்கொண்டு நின்றது. பின்னால் வந்த மூன்று கார்கள் அதன்மேல் ஏறின. எங்கள் மண்டபத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சுற்று ஓடி முடித்தவர்கள் அடுத்த சுற்றுக்கு வளைவுகளில் காவல் நிற்க வேண்டும். கவிழ்கிற கார்களை ஓடிப்போய் நிமிர்த்திவிட வேண்டும். அன்றைக்கு என் வளைவில் நின்றது அக்கா. ஐந்து நிமிடத்தில் ஆறு தரம் என் காரை நிமிர்த்தினார். அந்த வயதிலும் முயல் மாதிரி ஓடினார், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். முடிந்து, ஓட்டுகிற மேடையிலிருந்து இறங்கி வந்து கேட்டேன்.

"அக்கா, ஏன் இப்பிடி நடுங்குது?"

"மோட்டரிலை இருக்கிற பற்சில்லு பெரிசு. சின்னன் போட்டால் குறையும்."

"எப்ப கண்டனீங்கள்?"

"காலமை. நீர் பூட்டேக்கை."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பன், தம்பி."

அவருடைய வாய்தான் இப்படி, கை வேறு மாதிரி. ஒரு தரம் என் காரில் முன் சில்லைத் தாங்குகிற முன் கை முறிந்து, அன்றைய ஓட்டம் முடிந்தது என்று பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் என் மேசையில் ஒரு புது முன் கை கிடந்தது. அக்கா தன் காருக்கென்று வைத்திருந்த ஒரேயொரு மேலதிகக் கை அது. ஆள் பத்தடி தள்ளி, ஒன்றும் நடக்காதது போலத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய ஞாயிறு முழு மண்டபத்துக்கும் றோல்ஸ் பொரித்துக்கொண்டு வருவார். ஆருக்கு வேணும் என்று கேட்க மாட்டார். மேசை மேசையாக வைத்துக்கொண்டு போவார். உள்ளே இறைச்சி இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார். சைவக்காரப் பொடியன் ஒருவன் இரண்டைத் தின்று முடித்த பிறகு கேட்டான். "மாடு" என்றார்.

எனக்கு அவரில் விருப்பம் இருந்தது. இதை எழுதும்போதும் மறைக்க விருப்பமில்லை.

ஒருநாள் மத்தியானம், ஓட்டங்களுக்கு நடுவில், இருவரும் ஒரே வளைவில் காவல் நின்றோம். கம்பளத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்கள், நேரம் போகவில்லை. நான் வாளியை இறக்கினேன்.

"ஜேர்மனிக்கு எப்பிடி அக்கா வந்தனீங்கள்?"

"கிழக்கு பேர்ளின் ஷோனெஃபெல்ட் எயார்போட்டிலை இறங்கி, அங்காலை மேற்கு பேர்ளினுக்கு."

"தனியவோ?"

"தம்பியோடை. என்ரை கூடப் பிறந்த தம்பி."

"அவர் இப்ப எங்கை?"

"தெரியாது."

நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"என்ன நடந்தது?"

"அவருக்கு அகதி அசூல் கிடைக்கேல்லை. திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். ரெண்டு கடிதம் வந்தது. பிறகு வரேல்லை."

"ஏன் அக்கா கிடைக்கேல்லை? உங்களுக்குக் கிடைச்சதுதானே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கம்பளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்குக் கலியாணத்தாலைதான் விசா கிடைச்சது. விசாரணையிலை என்னை, எந்தப் பாஸ்போட்டிலை வந்தனீர் எண்டு கேட்டவங்கள். நான் அந்த நேரம் சரியான வாய்க்காரி. பாஸ்போட் எடுக்கக் கொழும்பிலை மாமி வீட்டை எட்டு மாதம் நிண்டனாங்கள், மாமி நல்ல மனுசி, தம்பி ரைப்பிங் வகுப்புக்கும் போனவன் எண்டு எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். தம்பியின்ரை மறுப்புக் கடிதத்திலை அது அப்பிடியே இருந்தது. கொழும்பிலை பிரச்சினையில்லாமல் இருந்தவர், அங்கையே இருக்கலாம் எண்டு. என்னை ஆரும் கேக்கேல்லை தம்பி, கொழும்பிலை எப்பிடி இருந்தனீங்கள் எண்டு. நானாத்தான் சொன்னனான்."

மணி அடித்தது. கார்கள் புறப்பட்டன. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு சிவப்புக் காரை நிமிர்த்த ஓடினார்.

அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. பஸ் போனாலும் பரவாயில்லை, பற்சில்லு பெரிதென்றாலும் பரவாயில்லை என்று இருந்தேன். பாவம் பார்ப்பதற்கும் ஒரு எல்லை இருக்கிறது என்பது எனக்கு வேலை விஷயத்தில்தான் தெரிந்தது.

அப்போது நான் விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்குகிற ஒரு இடத்தில், குளிர் அறையில் வேலை செய்தேன். ஒன்பது வருடம். இரண்டு கைகளிலும் நடுவிரல்கள் வெள்ளையாகி மரத்துப்போகத் தொடங்கின. முதலில் பத்து நிமிடம், பிறகு ஒரு மணித்தியாலம். குளிரை விட்டு வெளியே வராவிட்டால் இந்த விரல்கள் உனக்கு இல்லை என்று டொக்டர் சொன்னார். வேறு வேலை என்றால் எது? நான் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்படிப்புச் செய்தவன் அல்ல, கையில் ஒரு சான்றிதழும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே நுட்பமான வேலை இந்தச் சின்னக் கார்களைத் திருத்துவது. மண்டபத்தில் ஒருவருக்கும் விரல் கதையைச் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை.

அந்த நேரம் அக்கா வேலை செய்த கடையில் இன்னொரு திருத்துநர் ஓய்வு பெற்றார். கடை முதலாளி ஒரு ஞாயிறு மண்டபத்துக்கு வந்து என் தோளில் தட்டினார். "உன் கை நல்ல கை என்று கேள்விப்பட்டேன். சனிக்கிழமை வந்து ஒரு நாள் வேலை செய்து காட்டு, பார்ப்போம்" என்றார். ஆர் சொன்னது என்று கேட்டேன். அக்கா பக்கம் தலையை ஆட்டினார். நல்ல ஆள் ஆராவது தெரியுமா என்று இவர் கேட்டிருக்கிறார், அக்கா என் பெயரைச் சொல்லியிருக்கிறார். நான் ஓடிப்போய், "பெரிய நன்றி அக்கா" என்றேன். "கேட்டவர், சொன்னனான்" என்றார்.

சனிக்கிழமை போனேன். குளித்து, சேட்டுக்கு இஸ்திரி போட்டு, கலியாணத்துக்குப் போகிற மாதிரிப் போனேன். சூடான அறை. மேசைக்கு மேலே நல்ல வெளிச்சம். விரல்கள் ஒன்றும் வெளிறவில்லை. அன்று காலை இரண்டு கார்களைத் திருத்திக் கொடுத்தேன், முதலாளி பின்னால் நின்று பார்த்து "சரி, சரி" என்றார். மத்தியானம் ஒரு வாடிக்கையாளரின் காரைத் தந்தார். புதுச் சென்சர் மோட்டரும் ரெக்ளரும் பூட்ட வேண்டும், அடுத்த நாள் காலையில் அது ஒரு போட்டிக்குப் போகிறது. அக்கா எனக்குப் பக்கத்து மேசையில் ஒரு காரின் அதிர்வுத்தாங்கிக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார்.

பூட்டினேன். பட்டரியைக் கொடுத்துத் தொட்டுப் பார்த்தேன். சில்லுகள் பின்பக்கமாகச் சுற்றின. சில கார்களில் ஒரு பற்சில்லு கூடுதலாக இருக்கும், அப்போது இப்படி நடக்கும். இது எனக்குப் பெரிய விஷயமே இல்லை. மோட்டருக்குப் போகிற மூன்று தடித்த வயர்களில் எந்த இரண்டையும் இடம் மாற்றினால் மோட்டர் மறுபக்கம் சுற்றும். சென்சர் இல்லாத மோட்டரில் இதை நான் நூறு தரம் செய்திருப்பேன். கை தானாகச் சோல்டர் கோலை எடுத்தது. நீல வயரையும் செம்மஞ்சள் வயரையும் கழற்றி மாற்றி ஒட்டினேன். அழகான ஒட்டு, கண்ணாடி மாதிரி.

இடையில் ஒரு தரம் நிமிர்ந்தேன். அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பிடித்திருந்த கண்ணாடி நழுவிக் கயிற்றில் தொங்கியது. வாய் கொஞ்சம் திறந்தது போல இருந்தது. பிறகு குனிந்து எண்ணெய்ப் போத்தலின் மூடியை இறுக்கத் தொடங்கினார். ஏற்கெனவே இறுகியிருந்த மூடி.

நான் பட்டரியைக் கொடுத்துத் தொட்டேன். மோட்டர் ஒரு கத்தல் கத்தி உதறியது. ரெக்ளரிலிருந்து புகை வந்தது. அந்த மணம் இப்போதும் எனக்குத் தெரியும்.

சென்சர் மோட்டரில் அந்த வயர்களை மாற்றவே கூடாது. காந்தம் எங்கே நிற்கிறது என்று சென்சர் ஒரு கணக்குச் சொல்ல, மாற்றிய வயர்கள் வேறொரு கணக்குப்படி மின்சாரத்தைக் கொடுக்கும், இரண்டும் முட்டும். பக்கத்தை மாற்றுவதென்றால் ரெக்ளரின் அமைப்பில் மாற்ற வேண்டும். இது பெட்டிக்குள் இருந்த தாளில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நான் தாளைப் பார்க்கவில்லை. சென்சர் இல்லாத ஓட்டத்தில் ஊறிய எவனும் பார்த்திருக்க மாட்டான்.

முதலாளி வந்தார். நல்ல மனிதர், கத்தவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு அக்காவைக் கேட்டார்.

"இதில் வயரை மாற்றக் கூடாது என்று இவருக்குத் தெரியாதா?"

"தெரியாது" என்றார் அக்கா.

"உங்களைக் கேட்டாரா?"

"இல்லை."

அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. இது எல்லோருக்கும் ஒரு தரம் நடக்கிறதுதான், இவருடைய கை நல்ல கை என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். முதலாளி அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார், நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். கேள்வி வராதபடியால் பதிலும் வரவில்லை. முதலாளி எனக்குக் கை தந்து, "மன்னித்துக்கொள். தெரியாவிட்டால் கேட்கிற ஆள்தான் எனக்கு வேண்டும்" என்றார்.

டிராம் தரிப்பிடத்தில் நின்றேன். வேலை முடிந்து அக்காவும் அங்கேதான் வந்தார். இரண்டு மணித்தியாலம் நான் அவருக்காகத்தான் நின்றேன்.

"நான் வயரை மாத்தினதைக் கண்டனீங்களோ?"

"ஓம்."

"எரியும் எண்டு தெரியுமோ?"

"ஓம்."

"நீங்களும் எப்பவாவது இப்பிடி எரிச்சனீங்களோ?"

"ஓம். என்ரை முதல் சென்சர் மோட்டர் அப்பிடித்தான் போனது."

"அப்ப ஏன் சொல்லேல்லை? வாய்க்குள்ளை என்ன வைச்சிருந்தனீங்கள்?"

"நீர் கேக்கேல்லை, தம்பி."

"நீங்கள் ஒரு மனுசியோ?" என்று கத்தினேன். தரிப்பிடத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. டிராம் வந்தது. அவர் முன் பெட்டியில் ஏறினார், நான் பின் பெட்டியில் ஏறினேன்.

மண்டபத்தில் என் மேசையை மறு அந்தத்துக்கு மாற்றிக்கொண்டேன். ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசவில்லை. என் வளைவில் அவர் காவல் நின்றார், கவிழ்ந்த என் காரை ஓடிவந்து நிமிர்த்தினார், நான் நன்றி சொல்லவில்லை. அவருடைய கார் என் வளைவில் கவிழ்ந்தபோது நான் நடந்து போய் நிமிர்த்தினேன். ஓடவில்லை. இதை நான் வேண்டுமென்றே செய்தேன், அதில் எனக்கு ஒரு சுகமும் இருந்தது. வைராக்கியத்தில் சென்சர் மோட்டரும் வாங்கி, தாளை மூன்று தரம் வாசித்துப் பூட்டினேன். குளிர் அறையில் விரல்கள் வெளிறும் நேரம் கூடிக்கொண்டே போனது.

பங்குனி மாதம் ஒரு ஞாயிறு அக்கா மண்டபத்துக்கு வந்தார். கையில் கார்ப் பெட்டி இல்லை. அது ஒன்றே எனக்குப் போதுமாக இருந்திருக்க வேண்டும். பெட்டி இல்லாத அக்காவை நான் அதுவரை கண்டதில்லை. குளிர் மேலங்கியைக் கழற்றாமல் நேரே என் மேசைக்கு வந்து நின்றார். என் காரைப் பார்த்தார். மெல்லிய சென்சர் வயர், சில்லுகளைச் சுழற்றுகிற பட்டியோடு உரசுகிற மாதிரிக் கிடந்தது, நான் அதைக் கவனிக்கவில்லை. அவர் என் மேசையில் இருந்த ஒட்டு நாடாவில் ஒரு துண்டைக் கிழித்து, வயரை ஒதுக்கி ஒட்டினார். பிறகும் நின்றார்.

ஏதோ சொல்ல வந்திருக்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பத்து வருடமாகப் பார்க்கிற முகம் மாதிரி ஆகிவிட்டது அது, உதட்டோரம் இழுபடுவதிலேயே தெரிந்தது. "என்னக்கா?" என்று ஒரு சொல் கேட்டால் போதும். என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான் கேட்கவில்லை. வாழ்க்கையில் ஒரு தரமாவது தானாகச் சொல்லட்டும், எனக்காக இல்லாவிட்டாலும் அந்த எரிந்த ரெக்ளருக்காகவாவது சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சுத்தமாக இருந்த சில்லைத் திரும்பத் திரும்பத் துடைத்தேன். பத்து நிமிடம் இருக்கும். அவர் மேலங்கியின் பொத்தானைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று கிழமை கழித்து ஒரு திருகாணிக்காகக் கடைக்குப் போனேன். அக்காவின் மேசையில் வேறொரு மனிதர் இருந்தார், நடுத்தர வயது, போலந்துக்காரர். முதலாளி என்னைக் கண்டு புருவத்தை உயர்த்தினார்.

"அவர் லண்டனுக்கு மகளிடம் போய்விட்டாரே. உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன்.

"அவர் போவதாகச் சொன்னபோது நான்தான் சொன்னேன், உங்கள் நண்பருக்கு இன்னும் விருப்பம் இருந்தால் வரட்டும், போவதற்கு முன் இரண்டு கிழமை பக்கத்தில் வைத்துச் சென்சர் வேலையைப் பழக்கிவிடுங்கள் என்று. அவருக்குச் சந்தோசம். ஞாயிறு மண்டபத்துக்குப் போகிறேன் என்றார். திங்கட்கிழமை, என்ன, ஆள் வருகிறாரா என்று கேட்டேன். நீ ஒன்றும் கேட்கவில்லை என்றார். சரி, உனக்கு விருப்பமில்லை என்று நினைத்தேன்."

திருகாணி வாங்காமல் வெளியே வந்தேன். ஆரை ஏசுவது? வாய்க்குள் வந்த வேலையைச் சொல்லாமல் கொண்டுபோனவரையா, கேட்காமல் சில்லுத் துடைத்த என்னையா? இரண்டு பேரையும் ஏசினேன். அவரைக் கொஞ்சம் கூடுதலாக.

மாதா கோயில் ஆட்களிடம் அக்காவின் லண்டன் இலக்கம் எடுத்து ஒரு பின்னேரம் அழைத்தேன்.

"ஓம், ஆர்?"

பெயரைச் சொன்னேன்.

"அக்கா, அண்டைக்கு என்ரை மேசையடியிலை ஏன் நிண்டனீங்கள்?"

"வேலை விசயம் சொல்ல."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் வந்தனான். வாய் திறபடேல்லை. நீர் எப்பிடியும் கேப்பீர் எண்டு நிண்டனான், தம்பி. நீர் தானே எப்பவும் கேக்கிற ஆள்."

அவர் காத்துக்கொண்டிருந்தார். அடுத்த கேள்விக்குத்தான் காத்திருக்கிறார் என்று தெரிந்தது.

"வேறை ஏதும் கேக்கோணுமோ?" என்றார்.

"இல்லை அக்கா."

"அப்ப வைக்கட்டோ?"

"ஓம்."

நான் இன்றைக்கும் அதே குளிர் அறையில்தான் வேலை செய்கிறேன். காரை விற்றுவிட்டேன், அந்தச் சின்னத் திருகாணிகளை என் விரல்களால் பிடிக்க ஏலாது. அந்த வேலை எனக்கு எதற்கு வேண்டியிருந்தது என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.